நகரத்துக் குப்பையும் நம் பிள்ளைகளும்



திருவனந்தபுரம் கேரளத்தின் தலைநகரம். பத்மநாபசாமி கோயில் இருக்கும் ஊர். அந்த ஊர்க் குப்பை எங்கே போனது தெரியுமா?

விளப்பில்சாலை என்று பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே 2000ஆம் ஆண்டில் குப்பையை உரமாக்கும் ஆலை வந்தது. லாரி லாரியாகக் குப்பை இறங்கியது. உரமானது கொஞ்சம். மலையாகக் குவிந்தது அதிகம். நாற்றம் தாங்கவில்லை. தண்ணீர் கெட்டது. மக்கள் கூடிப் போராடினார்கள். 2011 டிசம்பரில் ஊராட்சியே ஆலைக்குப் பூட்டுப் போட்டது. 2012இல் போலீஸ் காவலோடு லாரிகள் வந்தன. மக்கள் சாலையை மறித்தார்கள். லாரிகள் திரும்பிப் போயின. அப்புறம் அந்த ஆலை திறக்கவே இல்லை.

நகரம் திண்டாடியது. தெருமுனையெல்லாம் குப்பை. இனி அடுத்த ஊரில் கொட்ட முடியாது. அவரவர் குப்பையை அவரவரே மக்க வைக்க வேண்டும். மாநகராட்சி வீடுகளுக்கு உரக்குழாய் கொடுத்தது. சமையல் கழிவை அதில் போட்டு மூடினால் மக்கி உரமாகும். சொல்வது எளிது. புழு வருமே, நாறுமே என்று வீட்டில் கேட்பார்களே!

இங்கேதான் இளைஞர்கள் வந்தார்கள். 'கிரீன் ஆர்மி', அதாவது பசுமைப் படை, என்று சேர்ந்தார்கள். கையில் கொடி இல்லை. ஆற்றுகால் கோயில் பொங்கலுக்கு லட்சக்கணக்கான பெண்கள் வருவார்கள். அங்கே பிளாஸ்டிக் தட்டு வேண்டாம், எவர்சில்வர் தட்டு போதும் என்று எடுத்துச் சொன்னார்கள். கோஷம் போடுவதைவிட இது கஷ்டமான வேலை.

2020 டிசம்பரில் ஆர்யா ராஜேந்திரன் என்ற கல்லூரி மாணவி மேயர் ஆனார். வயது 21. ஆனால் மேயர் இளையவர் என்பதால் மட்டும் கால்வாய் சுத்தமாகிவிடுமா? 2024 ஜூலையில் ரயில் நிலையத்தின் அடியில் ஓடும் ஆமையிழஞ்சான் கால்வாயில் ஒரு தொழிலாளி குப்பை அள்ள இறங்கினார். மழைநீர் இழுத்துப் போனது. மூன்றாம் நாள் உடல்தான் கிடைத்தது. கால்வாய் யார் பொறுப்பு என்று ரயில்வேயும் மாநகராட்சியும் வாதாடின. அதில் கிடந்த குப்பை யாருடையது? ஊரார் எல்லாருடையதும்தான்.

"படிக்கிற பிள்ளைக்கு ஊர் வேலை எதற்கு?" என்று நாம் கேட்கிறோம். 1989 முதல் 18 வயதிலேயே ஓட்டு உண்டு. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் கிராம சபையில் பேசலாம். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 உள்ளிட்ட நாட்களில் கிராம சபை கூடும். அன்றைக்கு உங்கள் மகனையும் மகளையும் கூட்டிப் போங்கள். நம் ஊர்க் குப்பை எந்த ஓடையில் விழுகிறது என்று அவர்களே எழுந்து கேட்கட்டும்.