கம்பெனி மூடினாலும் விடுமுறைப் பணம் கேட்கலாம்



"கம்பெனியே போண்டியாகி விட்டது, யாரிடம் போய்க் கேட்பது?" நம்மவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். சம்பள பாக்கியையாவது கேட்கிறார்கள். எடுக்காத விடுமுறைக்கும் காசு உண்டு என்பது பலருக்குத் தெரிவதே இல்லை.

தீபகற்ப மலேசியாவில் 1955 வேலைச் சட்டம் 60E பிரிவுப்படி, ஐந்து ஆண்டு வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 16 நாள் விடுமுறை. மாதம் 1,700 வெள்ளி வாங்கும் ஓர் அம்மாவின் கணக்கைப் பாருங்கள். 26ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 65 வெள்ளி 38 காசு. போன ஆண்டின் 16 நாள், இந்த ஆண்டு ஏழு மாதத்திற்கு 9 நாள், ஆக 25 நாள். ஏறக்குறைய 1,634 வெள்ளி. ஒரு மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு வருகிறோம்!

ஒரு கண்ணி இருக்கிறது. விடுமுறையை உரிய காலத்தில் எடுக்காவிட்டால் அது காலாவதி. "வேலை அதிகம், அப்புறம் எடுத்துக்கொள்" என்று சூப்பர்வைசர் வாயால் சொன்னது போதாது. முதலாளி கேட்டு, நீங்கள் எழுத்தில் சம்மதித்திருந்தால்தான் பழைய நாட்களுக்குப் பணம். லீவு பாரத்தைப் படம் பிடித்து வையுங்கள்.

எங்கே போவது? தொழிலாளர் இலாகாவுக்கு. வக்கீல் தேவையில்லை (வக்கீலே சொல்கிறேன்). 60 நாள் தாண்டிவிட்டது என்று பயந்து வீட்டில் இருப்பவர்களும் உண்டு. அந்தக் கெடு நியாயமற்ற வேலை நீக்கப் புகாருக்கு. பண பாக்கிக்கு ஆறு ஆண்டு அவகாசம் உண்டு.

அதற்காக ஆறு ஆண்டு காத்திருக்காதீர்கள். முதலாளி தடுமாறும்போதே போங்கள். சிலர் மனைவி பெயரில் புதுக் கம்பெனி திறந்து, அதே மிஷினை அங்கே ஓட்டுவார்கள். கம்பெனியைக் கலைக்க நீதிமன்றம் உத்தரவிட்டு விட்டால், நீதிமன்ற அனுமதி இல்லாமல் வழக்குத் தொடுக்க முடியாது. அப்போது கலைப்பு அதிகாரியிடம் கடன் நிரூபணப் பாரம் கொடுக்க வேண்டும். 2016 கம்பெனிச் சட்டம் 527ஆவது பிரிவில் விடுமுறைச் சம்பளம் முன்னுரிமைக் கடன். சரக்குக் கொடுத்த வியாபாரிக்கு முன் நமக்கு.

ஆனால் பொய் சொல்ல மாட்டேன். தொழிற்சாலை நிலம் பேங்கில் அடமானம் இருந்தால், அந்த நிலத்தை விற்ற பணத்தில் பேங்குதான் முதலில் எடுக்கும். மிச்சமே இல்லாத கேஸ்களையும் பார்த்திருக்கிறேன். சொக்சோவின் வேலை காப்புறுதித் திட்டம் வேலை தேடும் காலத்திற்கு உதவும். முதலாளி வைத்த பாக்கியை அது கட்டாது.

சம்பளச் சீட்டு, வேலைக் கடிதம் கொண்டு வந்தவர்கள் பின்னால் உள்ள மேசைக்கு வாருங்கள். இன்றே பாரம் எழுதுவோம்.