புரவலரும் வஸ்தாதும்

காவிரி இரு கிளையாகப் பிரிந்து தழுவிக்கொண்டிருக்கும் தீவு ஸ்ரீரங்கப்பட்டணம். இதனை ஆதிரங்கம் என்றும், சிவசமுத்திரத்தை மத்தியரங்கம் என்றும், நம் திருவரங்கத்தை அந்தியரங்கம் என்றும் வைணவ மரபினர் வழங்குவர். ஆகவே, இவ்வூர் தமிழர்க்கு அயலூர் அன்று. இதன் பெயரைக் கேட்டவுடன் திப்பு சுல்தான் வீழ்ந்த 1799-ஆம் ஆண்டுப் போரை நினைப்பதே பலருடைய வழக்கம். நாம் இன்று நினைக்க விரும்புவது போர்க்களத்தை அன்று, மற்களத்தை.

1610-ஆம் ஆண்டில் ராஜ உடையார் இக்கோட்டையைக் கைக்கொண்டு, நவராத்திரிப் பெருவிழாவை இங்கே தொடங்கிவைத்தார். பின்னர் மைசூருக்குச் சென்று உலகப் புகழ் பெற்ற தசரா விழாவின் தொடக்கம் அதுவே. அவ்விழாவில் மல்யுத்தத்திற்குத் தனிச் சிறப்பு உண்டு. விரல்களில் கூரிய கருவியைப் பூட்டிக்கொண்டு ஜெட்டி மரபினர் பொரும் வஜ்ரமுஷ்டிப் போரில், ஒருவர் தலையில் முதற் குருதி தோன்றியவுடன் ஆட்டம் நிறுத்தப்படும். 1638 முதல் 1659 வரை ஆண்ட கண்டீரவ நரசராஜ உடையார், மாறுவேடத்தில் திருச்சிராப்பள்ளிக்குச் சென்று அங்கிருந்த பெருமல்லன் ஒருவனை வென்றார் என்பது மைசூர் நாட்டு வழிவழிச் செய்தி. அரசரே மல்லராக விளங்கிய நாடு இது.

மல்லர்களுக்கு ஊணும் உறையுளும் பரிசிலும் தருபவர் புரவலர். களரியின் மண்ணில் நின்று, பிடியையும் பிடி விடுதலையும் கற்பிப்பவர் வஸ்தாது. இவ்விருவருள் ஒருவர் இன்றேல் மற்போர் இல்லை. ஆயினும், ஒருவர் எல்லையுள் மற்றவர் எதுவரை புகலாம்? பொருள் தருபவர் பிடியையும் சொல்லித்தரலாமா? இப்பழைய வினாவே இன்று கோடிக்கணக்கான பணம் புழங்கும் விளையாட்டு அணிகளில் புதிய உருவில் எழுந்திருக்கிறது. அணியின் உரிமையாளர் பயிற்சியாளருடைய முடிவுகளில் எவ்வளவு தலையிடலாம் என்பதே அது.

இந்தியக் கிரிக்கெட்டின் தொடக்க வரலாறே இதற்கு நல்ல பாடம். அக்காலத்துப் புரவலர் பலர் சமஸ்தானாதிபதிகள். 1932-ல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்குத் தலைவராகப் போர்பந்தர் மகாராஜா நியமிக்கப்பட்டார். தம் ஆட்டத்திறனின் அளவை அவர் நன்கு அறிந்திருந்தார். லார்ட்ஸ் மைதானத்தில் நம் முதல் டெஸ்ட் ஆட்டம் நடந்தபொழுது அவர் விலகி நின்றார், சி. கே. நாயுடு அணியை நடத்தினார். விலகி நின்றதனாலேயே அம்மன்னர் பெயர் இன்றும் மதிப்போடு பேசப்படுகிறது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1936-ல், விஜயநகரம் மகாராஜகுமாரர் தலைவராகச் சென்றார். அவர் கிரிக்கெட்டுக்குச் செய்த கொடை சிறிதன்று. ஹாப்ஸ், சட்கிளிஃப் போன்ற பேராட்டக்காரர்களைத் தம் செலவில் இந்தியாவுக்கு அழைத்து வந்தவர் அவர். ஆனால், கொடுத்தவர் என்ற தகுதியை ஆட வல்லவர் என்ற தகுதியாக அவர் எண்ணிவிட்டார். மூன்று டெஸ்டுகளில் ஆறு முறை மட்டை பிடித்து அவர் எடுத்த ஓட்டங்கள் 33. அருமையாக ஆடிவந்த லாலா அமர்நாத், முதல் டெஸ்ட் தொடங்கும் முன்னரே ஒழுங்கு நடவடிக்கை என்ற பெயரில் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். அணிக்குள் கட்சிகள் தோன்றின. இரண்டு டெஸ்டுகளில் தோல்வி. ஒன்று வெற்றி தோல்வியின்றி முடிந்தது. மெர்ச்சண்டும் முஷ்டாக் அலியும் மான்செஸ்டரில் முதல் விக்கெட்டுக்கு 203 ஓட்டங்கள் குவித்த பெருமை அச்சுற்றுலாவில் உண்டு. அத்தகைய வல்லவர்களைக் கொண்ட அணி பிளவுபட்டு நின்றதே வருந்தத்தக்கது.

மூன்றாவது வகைப் புரவலரும் இருந்தார். இந்தூர் ஹோல்கர் அரசு நாயுடுவுக்குத் தன் படையில் பதவி அளித்து ஆதரித்தது. அணியை நடத்தும் பொறுப்பு நாயுடுவின் கையில் இருந்தது. ஹோல்கர் அணி நான்கு முறை ரஞ்சிக் கோப்பையை வென்றது. 1945-46-ஆம் ஆண்டுப் போட்டியில் அவ்வணி 8 விக்கெட்டுக்கு 912 ஓட்டங்கள் எடுத்தது. ஒரே இன்னிங்சில் அறுவர் சதம் அடித்தனர். எதிர்த்து ஆடிய அணி மைசூர் என்பது, இப்பகுதி மக்களுக்கு அத்துணை இனிய நினைவன்று!

மன்னர் காலம் போயிற்று. வணிகர் காலம் வந்தது. மைசூர் அரச மரபினரான ஸ்ரீகண்டதத்த நரசிம்மராஜ உடையார் பெயரில் வழங்கும் மகாராஜா கோப்பைப் போட்டியில் ஆடும் மைசூர் அணி, இன்று ஊதுவத்தித் தொழிலில் புகழ்பெற்ற ஒரு நிறுவனத்தின் உடைமை. அரண்மனை இருந்த இடத்தில் நிறுவனம் இருக்கிறது. புரவலரின் பெயர் உரிமையாளர் என்று மாறிவிட்டது. பெயரோடு மனநிலையும் மாறிற்று. புரவலர் எதிர்பார்த்தது புகழ். உரிமையாளர் எதிர்பார்ப்பது புகழோடு ஊதியமும். இதில் குற்றமில்லை. இட்ட முதலுக்குக் கணக்குக் கேட்பது எவர்க்கும் உரிமையே. எப்பொழுது கேட்பது, யாரிடம் கேட்பது என்பதில்தான் சிக்கல் பிறக்கிறது.

2008-ல் இந்தியப் பிரீமியர் லீக் தொடங்கியபொழுது பெங்களூர் அணியை விஜய் மல்லையா 11 கோடி டாலருக்கும் மேலாக விலை கொடுத்து வாங்கினார். ராகுல் திராவிட் தலைவர். வெங்கடேஷ் பிரசாத் பயிற்சியாளர். 14 ஆட்டங்களில் நான்கில் மட்டுமே வென்று, எட்டு அணிகளுள் ஏழாவதாக அவ்வணி நின்றது. போட்டி நடந்துகொண்டிருக்கும்பொழுதே தலைமை நிர்வாகி நீக்கப்பட்டார். வீரர் தேர்வில் தாம் தலையிடாமல் இருந்துவிட்டதே பிழை என்று உரிமையாளர் வெளிப்படையாகக் குறைப்பட்டுக்கொண்டார். அடுத்த ஆண்டு பயிற்சியாளரும் தலைவரும் மாறினர். அணி இறுதியாட்டம் வரை சென்று ஆறு ஓட்டங்களில் தோற்றது.

‘பார்த்தீர்களா, தலையிட்டதால் அன்றோ பயன் விளைந்தது?’ என்று சிலர் கேட்கலாம். இவ்வினாவைத் தட்டிக் கழிப்பது நேர்மையன்று. 2017-ல் புனே அணியின் உரிமையாளர் சஞ்சீவ் கோயங்கா, தோனியை விலக்கி ஸ்டீவ் ஸ்மித்தைத் தலைவராக்கினார். அவ்வணியும் இறுதியாட்டத்தை எட்டி, ஒரே ஓட்டத்தில் கோப்பையை இழந்தது. ஆனால் ஒன்றை நாம் உற்று நோக்க வேண்டும். இவ்விரண்டு மாற்றங்களும் போட்டி தொடங்கும் முன்னர்ச் செய்யப்பட்டவை. யாரிடம் பொறுப்பை ஒப்படைப்பது என்று முடிவு செய்வது உரிமையாளரின் எல்லைக்கு உட்பட்டது. ஒப்படைத்த பின், களத்தின் நடுவே குறுக்கிடுவது அதனின் முற்றும் வேறானது.

அவ்வேறுபாட்டை 2024-ஆம் ஆண்டு மே மாதம் 8-ஆம் நாள் நாடே கண்டது. லக்னோ அணி எடுத்த 165 ஓட்டங்களை ஹைதராபாத் அணி விக்கெட் எதுவும் இழக்காமல், பத்து ஓவர்கூட முடியுமுன் கடந்துவிட்டது. ஆட்டம் முடிந்தவுடன் மைதானத்திலேயே, கேமராக்களின் முன், அதே கோயங்கா தம் அணித்தலைவர் கே. எல். ராகுலிடம் கடுமையாகப் பேசும் காட்சி தொலைக்காட்சியில் பரவியது. பேசிய சொற்கள் கேட்கவில்லை; கைகள் பேசியது தெரிந்தது. அடுத்த ஆண்டு ராகுல், கர்நாடகத்தில் வளர்ந்த அந்த ஆட்டக்காரர், டெல்லி அணிக்குச் சென்றுவிட்டார்.

இத்தகைய குறுக்கீட்டால் விளையும் கேடு யாது? ஸ்கோர் பலகையைப் பார்ப்பவர்க்குத் தெரிவது முடிவு மட்டுமே. எவனுக்குத் தோளில் வலி, எவன் நேற்று வலைப்பயிற்சியில் தடுமாறினான், எவனுடைய தாய் மருத்துவமனையில் இருக்கிறாள் என்பனவெல்லாம் பயிற்சியாளர்க்குத் தெரியும். இவற்றை அறியாது சொல்லும் கட்டளை, நோயாளியைப் பாராமல் எழுதிய மருந்துச் சீட்டைப் போன்றது. மேலும், உரிமையாளரின் இருக்கையை நோக்கி ஆடக் கற்றுக்கொண்ட வீரன் அணிக்காக ஆடுவதை மறந்துவிடுவான். துணிந்து அடிக்க வேண்டிய பந்தைத் தடுத்து நிறுத்தித் தன் இடத்தைக் காத்துக்கொள்வான். இரு தலைவர்க்குக் கீழ்ப்படிய வேண்டியவன் ஒருவர்க்கும் உண்மையாக இருத்தல் அரிது.

இதனினும் பெரிய இடர் ஒன்று உண்டு. 2019-ல் கர்நாடகப் பிரீமியர் லீக்கில் ஓர் அணியின் உரிமையாளரே சூதாட்டக் குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டார். இந்தியப் பிரீமியர் லீக்கில், உரிமையாளர் குடும்பத்தைச் சேர்ந்த அணிப் பொறுப்பாளர் பந்தயம் கட்டியது மெய்ப்பிக்கப்பட்டதால், சென்னை அணி 2016, 2017 ஆகிய இரு ஆண்டுகள் விலக்கி வைக்கப்பட்டது. அங்கே களத்தில் தோனியும் பயிற்சியாளர் ஃபிளெமிங்கும் அரிதின் ஈட்டிய நற்பெயர்க்குக் களத்திற்கு வெளியே இருந்தவரால் இழுக்கு நேர்ந்தது. யாருக்குப் பந்து கொடுப்பது என்று உரிமையாளர் சொல்வது வழக்கமாகிவிட்டால், அச்சொல் வெற்றியை நாடிய யோசனையா, வேறொன்றை நாடிய கட்டளையா என்று இளம் வீரன் எவ்வாறு அறிவான்? எல்லை வகுப்பது பயிற்சியாளரின் பெருமைக்காக மட்டும் அன்று. ஆட்டத்தின் தூய்மைக்காகவும் ஆகும்.

திருவள்ளுவர் தெரிந்து தெளிதல் என்னும் அதிகாரத்தை அடுத்துத் தெரிந்து வினையாடல் என்னும் அதிகாரத்தை வைத்தார். ஆராய்ந்து ஆளைத் தேர்வது முன்னது. தேர்ந்தவரிடம் செயலை ஒப்படைத்து ஆள்வது பின்னது. இம்முறையே அணிக்கும் பொருந்தும். போட்டிக்கு முன்னர், பயிற்சியாளரைத் தேர்வதும், செலவின் வரம்பையும் அணியின் நோக்கத்தையும் வகுப்பதும் உரிமையாளர் கடன். போட்டி நடக்கும்பொழுது ஆடும் பதினொருவர், ஆட்ட வரிசை, பந்து வீச்சு ஆகியவை பயிற்சியாளர்க்கும் தலைவர்க்குமே உரியவை. அப்பொழுது ஐயம் எழுந்தால் உரிமையாளர் பயிற்சியாளரைத் தனி அறையில் கேட்கலாம். அவரைக் கடந்து வீரனிடம் செல்லலாகாது. போட்டி முடிந்த பின் கணக்குக் கேட்கலாம். நிறைவில்லையேல் பயிற்சியாளரை மாற்றவும் செய்யலாம். இரண்டு செய்திகளில் மட்டும் உரிமையாளர் எந்நேரமும் தலையிடலாம், தலையிடவும் வேண்டும். வீரனின் உடல்நலம் ஒன்று. ஆட்டத்தின் நேர்மை மற்றொன்று. காயமுற்றவனைப் பயிற்சியாளர் களத்தில் இறக்கும்பொழுது வாளாவிருப்பது பெருந்தன்மை ஆகாது. முதற் குருதி கண்டவுடன் போரை நிறுத்தும் வஜ்ரமுஷ்டி முறை இதனை நமக்கு நன்கு உணர்த்துகிறது.

இவையெல்லாம் பெருஞ்செல்வர்க்கு உரிய செய்தி என்று நாம் ஒதுங்கிவிடலாகாது. நம் சிற்றூர்க் கபடிக் குழுவுக்குச் சீருடை வாங்கித் தந்த அன்பர், ‘என் தங்கை மகனை எழுவருள் ஒருவனாக இறக்கு’ என்று கேட்பதும் இதே வினாவின் சிறு வடிவமே. அவன் இறங்கும்பொழுது, விடியற்காலையில் எழுந்து ஓடிப் பழகிய ஏழைச் சிறுவன் ஒருவன் வெளியே அமர்கிறான். அவனுக்கு அந்த ஓர் ஆட்டம் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலையாகவோ, கல்லூரியில் இடமாகவோ முடியக்கூடும். சீருடை தந்தவரின் கொடை, அச்சிறுவனின் வாய்ப்பைப் பறித்துக்கொண்ட கொடையாகிவிடலாமா? மற்களத்தின் மண்ணை இட்டு நிரப்பியவர் கரையில் அமர்ந்து காண்பதே அழகு. பிடியைத் தேர்வது வஸ்தாதின் வேலை. வெற்றி வந்தால், அதன் புகழில் புரவலர்க்கும் பங்கு உண்டு.