முகம் பார்த்து விலையா?



கடையில் பாலின் விலையை எது தீர்மானிக்க வேண்டும்? பாலின் தரமா, வாங்க வருபவரின் முகமா?

அமெரிக்காவில் எழுந்துள்ள கேள்வி இது. அங்கே சில பெரிய மளிகைக் கடைகளில் காகித விலைச்சீட்டு போய், மின்னணு விலைப்பலகை வந்துவிட்டது. நொடியில் விலையை மாற்றலாம். முகத்தை அடையாளம் காணும் கேமராவும் அதோடு சேர்ந்தால் என்ன ஆகும்? 2024 அக்டோபரில் மிச்சிகன் மாநில எம்.பி. ரஷீதா தலீப், க்ரோகர் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதி இதைத்தான் கேட்டார். அப்படி விலை உயர்த்துவதில்லை என நிறுவனம் மறுத்தது.

மறுப்பு போதாது, சட்டம் வேண்டும். எழுத்துமூலச் சம்மதமின்றி கைரேகை, முகப்பதிவைச் சேகரிக்கக் கூடாது என்கிறது இல்லினாய் மாநிலத்தின் 2008ஆம் ஆண்டுச் சட்டம். தனிநபர் விவரங்களை வைத்துக் கணினி விலை நிர்ணயித்தால், அதை வாங்குபவருக்கு அறிவிக்கச் சொல்கிறது நியூயார்க்கின் 2025ஆம் ஆண்டுச் சட்டம்.

நல்லதுதான். ஆனால் பசித்த பிள்ளையோடு நிற்கும் தாய், அறிவிப்பைப் படித்துவிட்டு எங்கே போவாள்? அருகில் வேறு கடை இல்லையென்றால், அவள் தரும் சம்மதம் சம்மதமா? ரகசிய எண்ணை மாற்றலாம். முகத்தை மாற்ற முடியுமா?

ஆகவே, உணவுப்பொருள் விலையில் முகம், கைரேகை, குரல் எதையும் நுழைய விடாத முழுத் தடையே தேவை. எல்லோருக்கும் தராசு ஒன்று. விலையும் ஒன்றாகவே இருக்கட்டும்!