கையெழுத்துப் பிரதிக்கும் ஒரு பரிசு

படப்புத்தகங்களுக்குத் தரப்படும் பரிசுகள் இரு வகை. அச்சாகி வந்த நூலுக்குத் தருவது ஒன்று. இன்னும் அச்சேறாத கையெழுத்துப் பிரதிக்குத் தருவது மற்றொன்று. முதல் வகைக்கு மேடை உண்டு, மாலை உண்டு, செய்தித்தாளில் இடமும் உண்டு. ஆனால் புதிதாக எழுத வருகிறவருக்குப் பதிப்பகத்தின் கதவைத் திறந்துவிடுவது இரண்டாம் வகைதான்.

முதல் வகையின் வரலாற்றில் அமெரிக்க நூலகச் சங்கத்துக்குப் பெரிய இடம் உண்டு. பிரெடரிக் மெல்ச்சர் என்பவரின் யோசனைப்படி, குழந்தை இலக்கியம் படைக்கும் எழுத்தாளருக்கு நியூபெரி பதக்கத்தை 1922 முதல் அந்தச் சங்கம் வழங்கிவருகிறது. படப்புத்தகங்களுக்குத் தனியாக ஒரு பதக்கம் வேண்டும் என்று 1937இல் சொன்னவரும் அவரே. ஆங்கிலேய ஓவியர் ராண்டால்ஃப் கால்டிகாட்டின் பெயரில் அமைந்த அந்தப் பதக்கத்தை 1938இல் முதலில் பெற்றவர் ஓவியர் டோரதி லேத்ரப். கால்டிகாட் பதக்கம் ஓவியருக்கு உரியது. படம் ஒருவர், கதை வேறொருவர் என்றால், கதை எழுதியவருக்குப் பதக்கம் கிடையாது.

படப்புத்தகத்தின் எழுத்துக்கென்றே அமெரிக்காவில் ஷார்லட் ஸோலட்டோ விருது ஏற்பட்டது 1998இல். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் குழந்தை நூல் மையம் அதை வழங்குகிறது. ஓவியருக்குப் பதக்கம் வந்து சரியாக 60 ஆண்டுகள் கழித்து எழுத்தாளரின் முறை வந்தது. உலக அரங்கில் வரிசை தலைகீழ். 1953இல் சூரிச் நகரில் அமைந்த பன்னாட்டு இளையோர் நூல் வாரியம், ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருதை 1956இல் எழுத்தாளருக்குத் தரத் தொடங்கியது. ஓவியருக்கு அது 1966இல்தான் வந்தது. ஒரு நூலை இருவர் சேர்ந்து செய்ய, பரிசு மட்டும் ஒருவரையே முதலில் பார்த்திருக்கிறது. இரண்டு இடத்திலும் இதுதான் நடந்தது.

படப்புத்தகத்தில் எழுத்தாளர் பின்தங்கியதற்குக் காரணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. அச்சகத்தில் 16 பக்கம் ஒரு ஃபாரம். இரண்டு ஃபாரம் சேர்ந்தால் 32 பக்கம். உலகின் பெரும்பாலான படப்புத்தகங்களின் அளவு அதுதான். தலைப்புப் பக்கம், பதிப்பு விவரப் பக்கம் போக மிஞ்சுவதில்தான் கதை முழுவதும் நடந்தாக வேண்டும். பல நூல்களில் மொத்தச் சொற்கள் 500ஐத் தாண்டுவதில்லை. மழை பெய்கிறது என்று படம் காட்டிவிட்டால் சொல் அதைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. குடை எங்கே போயிற்று என்று அது கேட்கலாம். நல்ல படப்புத்தக எழுத்தாளர் எழுதுவதை விட எழுதாமல் விடுவது அதிகம். ஆகவே, முடிந்த நூலைக் கையில் எடுப்பவர் கண்ணுக்கு ஓவியரின் உழைப்பு உடனே தெரிகிறது. எழுத்தாளரின் உழைப்பு அதற்குள் மறைந்து கிடக்கிறது.

இரண்டாம் வகைப் பரிசு இந்த மறைவிலிருந்து எழுத்தை வெளியே எடுக்கிறது. பிரதி தனியாக வருகிறது. நடுவர் அதைத் தனியாகப் படிக்கிறார். இந்தியாவில் இதற்கு முன்னோடி, கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1957இல் புதுதில்லியில் நிறுவிய சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட். ஆங்கிலத்திலும் இந்தியிலும் அச்சேறாத பிரதிகளுக்கு அது போட்டி நடத்தியது. தேர்ந்த பிரதிகளை நூல்களாகவும் வெளியிட்டது. போட்டி நடத்தியவரே பதிப்பாளராகவும் இருந்ததால், பரிசுக்கும் புத்தகத்துக்கும் இடையே எழுத்தாளர் அலைய வேண்டியிருக்கவில்லை.

இங்கிலாந்தில் ஓவியக் கல்லூரி மாணவர்களுக்காக மேக்மில்லன் பதிப்பகம் 1985இல் ஒரு பரிசை ஏற்படுத்தியது. பிரைட்டனில் படித்துக்கொண்டிருந்த எமிலி கிரேவெட் தாமே எழுதி வரைந்த 'வுல்வ்ஸ்' என்ற நூலுக்கு அந்தப் பரிசு கிடைத்தது. அதே பதிப்பகம் 2005இல் அதை வெளியிட்டது. அந்த ஆண்டுக்கான கேட் கிரீனவே பதக்கம், அதாவது அந்நாட்டின் தலைசிறந்த நூல் ஓவியப் பதக்கம், அந்த நூலுக்கே போனது.

அமெரிக்காவில் சீரியோஸ் என்ற காலை உணவைத் தயாரிக்கும் நிறுவனம் வேறு வழியில் போனது. பெட்டிக்குள் குட்டிக் கதைப்புத்தகம் வைத்து விற்றுவந்த அது, 2007 முதல் சில ஆண்டுகள் புதிய எழுத்தாளர்களுக்குப் போட்டி வைத்தது. முதல் பரிசு 5,000 டாலர். 2008இல் வென்ற லோரி டெக்மனின் கதை 2010இல் சைமன் அண்ட் ஷூஸ்டர் வெளியீடாக வந்தது.

இரு வகைக்கும் நடுவில் நிற்பது எஸ்ரா ஜாக் கீட்ஸ் விருது. ஒரு கறுப்பினச் சிறுவனை நாயகனாக்கிய 'தி ஸ்னோயி டே' நூலுக்காக 1963இல் கால்டிகாட் பதக்கம் பெற்றவர் கீட்ஸ். அவர் பெயரிலான விருது 1985இல் புதிய எழுத்தாளருக்கும், 2001இல் புதிய ஓவியருக்கும் ஏற்பட்டது. அச்சான நூலுக்குத்தான் விருது. ஆனால் ஒரு சில நூல்களுக்கு மேல் வெளியிட்டவர் இதில் போட்டியிட முடியாது. மூத்தவரோடு மோதாமல் புதியவர் புதியவரோடு நிற்க இந்த விதி இடம் தருகிறது.

தமிழுக்கு வந்தால், சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் 2010 முதல் 24 மொழிகளில் வழங்கப்படுகிறது. பரிசு 50,000 ரூபாயும் செப்புப் பட்டயமும். தமிழில் யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020இலும், உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' 2023இலும் இதைப் பெற்றன. இரண்டும் நாவல்கள். ஒரு மொழிக்கு ஒரே விருது என்பதால், படப்புத்தகத்துக்கு இதில் தனி வரிசை இல்லை. 200 பக்க நாவலும் 32 பக்கப் படப்புத்தகமும் ஒரே தட்டில் நிறுக்கப்படுகின்றன.

படப்புத்தகத் திறமை இங்கே இல்லை என்பதல்ல இதன் பொருள். சென்னையில் தூலிகா பதிப்பகம் தமிழ் உட்படப் பல மொழிகளில் படப்புத்தகங்களை வெளியிட்டுவருகிறது. தாரா பதிப்பகம் மத்தியப் பிரதேசத்தின் கோண்டு ஓவியர்கள் பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி மூவரோடும் சேர்ந்து கைத்தாளில் திரை அச்சாக உருவாக்கிய 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' 2008இல் இத்தாலியின் பொலோன்யா ராகாத்ஸி விருதைப் பெற்றது. நூல் செய்யத் தெரிந்த ஊர்தான் இது. புதிய எழுத்தாளர் அந்த வேலைக்குள் நுழையும் வாசல்தான் அகலமாக வேண்டும்.

போட்டிக்குப் பிரதி அனுப்புவோர் விதிகளில் நான்கைப் பார்த்தாக வேண்டும். ஒன்று, கதையின் உரிமை யாருக்கு. அனுப்பியவுடனே உரிமை முழுவதும் நடத்துபவருக்குப் போய்விடும் என்று எழுதியிருந்தால், பரிசு பெறாதவரும் கதையை இழப்பார். இரண்டு, நுழைவுக் கட்டணம் எவ்வளவு, அதற்கு ஈடாக என்ன கிடைக்கும். மூன்று, கேட்பது சொற்களை மட்டுமா, படங்களோடு கூடிய மாதிரி நூலையா. வரையத் தெரியாதவர் தாமே படம் தேடி ஒட்ட வேண்டியதில்லை. ஓவியரைத் தேர்வது பொதுவாகப் பதிப்பாளரின் வேலை. நான்கு, வென்ற பிரதி எத்தனை மாதத்தில் அச்சாகும்.

போட்டி நடத்துவோருக்கும் கடமைகள் உண்டு. நடுவருக்குப் போகும் பிரதியில் எழுதியவர் பெயர் இருக்கக் கூடாது. நடுவர் குழுவில் எழுத்தாளரோடு ஓவியரும் நூலகரும், குழந்தைகளுக்குக் கதை வாசித்துக்காட்டிப் பழகிய ஆசிரியரும் இருக்க வேண்டும். பிரதி பக்கம் பக்கமாகப் பிரித்து எழுதப்பட்டிருக்க வேண்டும். அதை வாய்விட்டுப் படித்தே மதிப்பிட வேண்டும், ஏனெனில் அந்த நூல் குழந்தைக்குக் காது வழியாகவே போகப்போகிறது. வென்ற எழுத்தாளரை ஓவியரோடு சேர்த்துவைத்து, இருவர் பெயரையும் அட்டையில் ஒரே அளவில் அச்சிட்டு, பரிசுத் தொகையையும் இருவருக்கும் பகிர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அச்சுச் செலவை முதலிலேயே ஒதுக்கிவிட்டுப் பிறகே போட்டியை அறிவிக்க வேண்டும். நிதி குறைவென்றால் பரிசுத் தொகையைக் குறைக்கலாம். புத்தகத்தை விட்டுவிடக் கூடாது.