முதலில் கட்டு, அப்புறம் வரும்!



குடிநீரைப் பற்றிப் பேசுவேன் என்று நோட்டீசில் போட்டிருக்கிறார்கள். மன்னிக்க வேண்டும், அது அடுத்த கூட்டத்தில். போன வாரம் ஒரு கருத்தரங்கத்துக்குப் போய் வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஏ.சி. அறை, முந்திரி பிஸ்கட். ஏழைப் பிள்ளைகள் ஏன் கல்லூரிக்கு வருவதில்லை என்று ஆராய்ச்சியாம். ஆய்வாளர் திரையில் கலர் கலராகப் படம் காட்டி, கடைசியில் தீர்ப்புச் சொன்னார்: தர்மபுரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இலட்சியம் குறைவு. முன்வரிசை கை தட்டியது!

எதை வைத்து அளந்தாராம்? "உன் இலட்சியத்துக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடு" என்று ஒரு படிவம். சித்தேரி மலைப் பெண் ஒருத்தி இரண்டு போட்டிருந்தாள். ஏன் இரண்டு என்று அவர் கேட்கவில்லை. நான் கேட்டேன். "நெறயப் போட்டா வீட்டுக்குச் செலவு ஆகும்னு நெனச்சேன் சார்" என்றாள். இதுவா இலட்சியக் குறைவு? அப்பன் சட்டைப்பையில் என்ன இருக்கிறது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியும். ஆய்வாளருக்குத் தெரியாது.

கல்லூரி இல்லையா என்றால், இருக்கிறது. 1965-ல் மாவட்டம் பிறந்த அதே ஆண்டு தர்மபுரியில் அரசு கலைக் கல்லூரி வந்தது. 2008-ல் மருத்துவக் கல்லூரி. 2013-ல் செட்டிக்கரையில் பொறியியல் கல்லூரி. நம் அரூரிலும் இருக்கிறது. மே மாதம் ரிசல்ட் வருகிற நாளுக்கும் கல்லூரி வாசலுக்கும் நடுவில் கிடக்கிற நாட்களில்தான் பிள்ளை தொலைகிறான். அந்த நாட்களில் ஒவ்வொரு ஜன்னலிலும் அவன் கேட்பது ஒரே பாட்டு: முதலில் கட்டு, அப்புறம் வரும்!

அரசுக் கலைக் கல்லூரிக்கு விண்ணப்பம் இணையத்தில்தான். 48 ரூபாய் கட்டணம், 2 ரூபாய் பதிவு. ஆதிதிராவிடர், பழங்குடிப் பிள்ளைக்கு அந்த 2 ரூபாய் மட்டும். ஆகா, எவ்வளவு மலிவு! ஆனால் பிரவுசிங் சென்டர்காரர் கேட்பது வேறு கணக்கு. அதைக் கொடுத்தாலும், ஓ.டி.பி. எந்த போனுக்குப் போகும்? அப்பாவின் போனுக்கு. அப்பா எங்கே? பெங்களூரில் மூன்றாவது மாடியில் சென்ட்ரிங் பலகை அடித்துக்கொண்டிருக்கிறார். அவர் கீழே இறங்கி வருவதற்குள் நேரம் முடிந்துவிடும். மறுபடி முதலிலிருந்து!

வருமானச் சான்றிதழுக்கு இ-சேவையில் 60 ரூபாய். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்குத் தாத்தன் பாட்டிவரை துழாவுவார்கள். மலையாளிப் பழங்குடிப் பிள்ளை என்றால் சாதிச் சான்றிதழுக்குக் கோட்டாட்சியர் கையெழுத்து வேண்டும். பாட்டன் காலத்திலிருந்து மலையில் இருக்கிறவன், தான் மலையில் இருக்கிறவன் என்று கீழே இறங்கி வந்து நிரூபிக்க வேண்டும். இதே மாவட்டத்தில், கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு எந்திரம் கழுதை முதுகில் ஏறிப் போனதைப் பத்திரிகையில் பார்த்தீர்களே! ஓட்டு வாங்க மலை ஏறத் தெரிகிறது. சான்றிதழ் கொடுக்க ஏறினால் மூச்சு வாங்குகிறதோ?

"தமிழ்நாட்டில் உயர்கல்வி சேர்க்கை 47 விழுக்காடு, இந்தியாவில் 28 தானே, இன்னும் என்ன புலம்பல்?" என்று டி.வி.யில் ஒருவர் கோட்டு போட்டுக்கொண்டு கேட்கிறார். ஐயா, அந்த 47 சென்னையையும் சித்தேரியையும் கூட்டி வகுத்தது. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டுக்கே கடைசி மாவட்டம் எது? நம்முடையதுதான்!

தனியார் கல்லூரி ஏஜென்ட்டைச் சொல்லாமல் விட்டால் பாவம். பெண் பார்க்க வருகிறவனைப்போல் தட்டோடு வருகிறான், பையனின் பல்லைக்கூடப் பார்க்காமல் சரி என்கிறான். "ஸ்காலர்ஷிப்ல படிச்சிடலாம்மா." அதைத் தாயிடம் சொல்லிவிட்டுக் கூடவே என்ன சொல்கிறான்? முதலில் கட்டுங்க, அப்புறம் வரும்!

அந்த உதவித்தொகை எப்படி வருகிறது தெரியுமா? ஆதிதிராவிடப் பிள்ளைக்கு, மாநிலம் நூற்றில் தன் 40 பங்கைப் போட்ட பிறகு மத்திய அரசு தன் 60 பங்கை மாணவன் கணக்கில் போடும். அதற்குள் பரீட்சையே வந்துவிடும். பீஸ் கட்டாதவனுக்கு ஹால் டிக்கெட் இல்லை என்பார்கள். பெண் பிள்ளைக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். தாலிக்குத் தங்கம் கொடுத்த திட்டத்தைக் கல்லூரிக்குத் திருப்பியது நல்ல காரியம், நூறு முறை சொல்வேன். ஆனால் சேர்ந்த பிறகு வருகிற பணம், சேருவதற்கு எப்படி உதவும்?

விடுதிகளுக்கு 2025 ஜூலையில் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றினார்கள். அழகான பெயர். கல்லூரிப் பிள்ளைக்கு உணவுப்படி மாதம் 1,100 ரூபாயாக இருந்ததை 2023-ல் 1,500 ஆக்கினார்கள். வகுத்துப் பாருங்கள்: நாளுக்கு 50 ரூபாய். மூன்று வேளை! வளருகிற பிள்ளைக்கு! அந்தக் கருத்தரங்கத்தில் தின்ற முந்திரி பிஸ்கட்டுக்கு எவ்வளவு ஆகியிருக்கும்? கேட்டால் எனக்குக் கோபம் அதிகம் என்கிறார்கள். ஆமாம், அதிகம்தான்!

முடியாத காரியம் ஒன்றும் கேட்கவில்லை. 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் தொழிற்படிப்பில் சேருகிற அரசுப் பள்ளிப் பிள்ளைக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டும் என்று 2021-ல் அறிவித்தார்கள். அங்கே முடிந்தது, பி.ஏ. தமிழ் படிக்க வருகிற பெண்ணுக்கு ஏன் முடியாது? பணம் ஜூனில் வரட்டும். சான்றிதழ் பிளஸ் டூ படிக்கும்போதே பள்ளிக்கூடத்துக்கு வரட்டும்.

அப்புறம் அந்த ஆய்வாளருக்கு: ஐயா, ஆராய்ச்சியை நிறுத்த வேண்டாம். படிவத்தை மட்டும் திருப்பிப் பிடியுங்கள். தாலுகா ஆபீசில் எத்தனை மனு எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று எண்ணுங்கள். உதவித்தொகை எந்த மேசையில் தூங்குகிறது என்று தேடுங்கள். அந்த மேசைக்காரரிடம் கேளுங்கள், அவருடைய இலட்சியத்துக்கு ஐந்துக்கு எத்தனை என்று!

வருகிற திங்கள் கலெக்டர் ஆபீசில் மனு நாள். சான்றிதழ் கிடைக்காதவர்கள் விண்ணப்ப எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, காலை எட்டு மணிக்கு அரூர் பஸ் ஸ்டாண்டுக்கு வாருங்கள். பஸ் காசு இல்லாதவர்கள் கூச்சப்படாமல் என்னிடம் சொல்லுங்கள். முதலிலேயே கொடுக்கிறேன்.