சிறு கைத்தொழிலில் கணக்கும் ஒழுங்கும்

(கிராம மக்களுக்கு நிகழ்த்திய சொற்பொழிவு)



சிறு தொழில் தொடங்க எண்ணும் குடியானவர் முதலாவதாகக் கேட்கும் கேள்வி, "முதலுக்கு எங்கே போவது?" என்பதாகும். மனைவியின் நகையை அடகு வைத்தோ, புன்செய் நிலத்தை ஈடு காட்டியோ பணம் திரட்டுகிறார். நல்ல நாள் பார்த்துத் தொழில் தொடங்குகிறார். இரண்டு வருஷம் கழிவதற்குள் கதவு அடைபடுகிறது. நகை மூழ்கிப் போகிறது. நிலத்துக்கு உடையவராயிருந்தவர் அதே நிலத்தில் கூலிக்கு இறங்க நேரிடுகிறது. அயலார் அதனைக் கண்டு, "முதல் போதவில்லை" என்றும், "வேளை சரியில்லை" என்றும் கூறிவிடுகின்றனர். அவருடைய கணக்கைப் பார்க்கலாமென்றால் கணக்கே இராது. அவர் கெட்டதற்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது.

சொற்ப முதலும் மிகுந்த ஒழுங்கும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பம்பாயில் ஒரு திருஷ்டாந்தம் உண்டு. 1959ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 15ஆம் தேதி, கிர்காம் பகுதியில் ஒரு குடியிருப்பின் மொட்டை மாடியில் ஏழு குஜராத்திப் பெண்கள் கூடி உளுந்து அப்பளம் இட்டனர். அவர்கள் கையில் இருந்தது 80 ரூபாய். அதுவும் சகன்லால் கரம்சி பாரேக் என்னும் பொதுநல ஊழியரிடம் பெற்ற கடன். அன்று தயாரானவை நான்கு கட்டுகள். அவற்றைப் புலேசுவரத்து வியாபாரி ஒருவரிடம் விற்றனர். தருமமாக எவரிடமும் பணம் கேட்பதில்லை என்று தொடக்கத்திலேயே தீர்மானம் செய்துகொண்டனர். முதல் வருஷத்து விற்பனை 6,196 ரூபாய். உடைந்த அப்பளங்களைக் கட்டில் சேர்க்காமல் அண்டை வீட்டாருக்குக் கொடுத்துவிட்டனர்.

முதலில் உயர்ந்த ரகம் ஒன்றும், மலிவான ரகம் ஒன்றுமாக இரண்டு வகை இடலாமென்று அப்பெண்கள் எண்ணியிருந்தனர். ஒரே தரத்தில் இடுங்கள், அத்தரத்தை ஒருநாளும் குறைக்க வேண்டாம், கணக்கைச் செவ்வனே எழுதுங்கள், தருமகாரியமாக எண்ணாமல் வியாபாரமாகவே நடத்துங்கள் என்று பாரேக் அவர்களுக்குப் புத்தி கூறினார். 80 ரூபாயைவிட இந்த யோசனையே அவர்களுக்குப் பெரிய உதவியாயிற்று.

முதல் வருஷம் மழைக்காலத்தில் அப்பளம் உலராமையால் நான்கு மாதம் வேலை நின்றது. அடுத்த வருஷம் ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும் வாங்கினர். கட்டிலின்மேல் அப்பளத்தைப் பரப்பிக் கீழே அடுப்பை வைத்து உலர்த்தினர், வேலை நிற்கவில்லை. நேர்ந்த இடையூறு இன்னதென்று கண்டு, அது மறுமுறை வருமுன் வழி செய்து வைப்பதும் ஒழுங்கின் ஒரு பகுதியே.

பின்னர் லிஜ்ஜத் என்ற பெயரால் அந்த அப்பளம் நாடெங்கும் பரவியது. 1966இல் அந்த ஸ்தாபனம் சங்கமாகப் பதிவு செய்யப்பட்டது. இக்காலத்தில் 40,000க்கும் மேற்பட்ட பெண்கள் அதில் அங்கத்தினர். மாவைப் பொது இடத்தில் பிசைகிறார்கள். காலையில் எடை பார்த்துப் பெண்களிடம் கொடுக்கிறார்கள். அவர்கள் தத்தம் வீட்டில் அப்பளம் இட்டு உலர்த்தி மறுநாள் கொண்டுவருகிறார்கள். அது சோதித்து நிறுக்கப்படுகிறது. கூலி பெற்றுக்கொண்டு, அன்றைய மாவுடன் திரும்புகிறார்கள். இதில் அபூர்வமான வித்தை ஒன்றுமில்லை. நிறுத்துக் கொடுத்தல், சோதித்து வாங்குதல், கணக்கை நாளுக்கு நாள் தீர்த்தல் என்னும் மூன்றே செய்கைகள் நாள் தவறாது நடக்கின்றன.

இவ்வொழுங்கைக் கிராமத்துச் சிறு தொழிலில் கைக்கொள்ளும் வகை யாதெனில்:

முதலாவது, அளவு. ஓர் அப்பளத்துக்கு 7 கிராம் மாவு என்று திட்டம் செய்துகொண்டவர், கண் மதிப்பில் உருட்டி 8 கிராமாக இட்டுவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 1,000 அப்பளத்துக்கு 7 கிலோ மாவு போதும். அவருக்கோ 8 கிலோ செலவாகிறது. 7 கிலோ மாவின் கிரயத்தையே வைத்து விலை குறித்தவர், 1,000 அப்பளத்துக்கு ஒரு கிலோ மாவை இனாமாகக் கொடுத்தவராகிறார். அவருடைய லாபம் முழுவதும் அந்த ஒரு கிலோவில் அடங்கியிருக்கக் கூடும். அப்பளத்துக்குச் சொன்னது முறுக்குக்கும், செங்கல்லுக்கும், சவுக்காரத்துக்கும் பொருந்தும். தராசு வாங்கும் செலவு வீண் செலவாகாது.

இரண்டாவது, அடக்க விலை. மூலப்பொருளின் விலையை மாத்திரம் கணக்கிட்டு விற்பவர் பலர். விறகு, வண்டிச்சத்தம், கட்டும் காகிதம், உடைந்து கழிந்த சரக்கு ஆகிய யாவும் விலையில் ஏற வேண்டும். வீட்டார் உழைப்பை இனாமென்று எண்ணுவது பெரும் பிழை. மனைவியும் மக்களும் இரவில் கண் விழித்துச் செய்த வேலைக்குக் கூலி இடாத தொழில், அவர்கள் கூலியையே லாபமென்று காட்டி ஏமாற்றுகிறது.

மூன்றாவது, ரொக்க விற்பனை. 1,000 ரூபாய் முதலும், ஒவ்வொரு சுற்றுக்கும் நூற்றுக்குப் பத்து லாபமும் உள்ள ஒரு தொழிலை எடுத்துக்கொள்வோம். வாரந்தோறும் முதல் கைக்குத் திரும்பினால் வருஷத்தில் 52 சுற்று. லாபம் 5,200 ரூபாய். அதே சரக்கைக் கடனுக்கு விட்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை பணம் வந்தால் வருஷத்தில் நான்கு சுற்று. லாபம் 400 ரூபாய். கடன் வாங்கியவர் கடைசிக் காசு வரை நாணயமாகச் செலுத்தியபோதும் இந்நிலைதான். மைத்துனரும் பங்காளியும் வந்து நிற்கும்போது மறுத்துப் பேசுவது கடினம். ஆகையால் இன்னாருக்கு இவ்வளவு, இத்தனை நாள் தவணை என்று தொழில் தொடங்கும் நாளிலேயே விதி செய்துவிடுதல் நலம். முன்பே எல்லோருக்கும் தெரிந்த விதியினால் எவருக்கும் மனத்தாங்கல் உண்டாவதில்லை.

நான்காவது, இரண்டு பைகள். வீட்டுப் பை வேறு, தொழிற் பை வேறு. தொழில் நடத்துபவர் தமக்கென ஒரு வாரக் கூலியைக் குறித்துக்கொண்டு, அதை மாத்திரமே எடுக்க வேண்டும். கடைச் சரக்கு அடுக்களைக்குப் போனால், மற்ற வாடிக்கைக்காரர் பெயரில் எழுதுவதுபோல் வீட்டின் பெயரிலும் பற்று எழுத வேண்டும். கலியாணமும் திருவிழாவும் வரும்போது தொழிலின் முதல் கரைவது இவ்விரு பைகளும் ஒன்றாயிருக்கும் வீட்டில்தான்.

ஐந்தாவது, நாட்கணக்கு. அதற்குப் பெரிய படிப்பு வேண்டுவதில்லை. ஒரு குறிப்பேட்டில் முன்னாள் இருப்பு, அன்றைய வரவு, அன்றைய செலவு, கைவசமுள்ள ரொக்கம் என நான்கு வரிகள் போதும். விளக்கு அணையுமுன் பெட்டியிலுள்ள பணத்தை எண்ணி ஏட்டோடு ஒத்துப் பார்க்க வேண்டும். எழுதத் தெரியாதவர் பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளையைக் கொண்டு எழுதுவிக்கலாம். மாதக் கடைசியில் சரக்கு இருப்பை எண்ணி, வரவேண்டியதையும் கொடுக்க வேண்டியதையும் சேர்த்துப் பார்த்தால், தொழில் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது புலனாகும்.

இவ்வளவும் செய்தால் எல்லாத் தொழிலும் தழைக்கும் என்று எவரும் உறுதி கூற முடியாது. சரக்குக்குத் தேவையில்லாத ஊரில் எவ்வளவு திறமையாகக் கணக்கு எழுதினாலும் சரக்கு விலைபோகாது. ஆயினும் அங்கேதான் கணக்கின் பெரும்பயன் விளங்குகிறது. கணக்கில்லாதவர், வட்டிக்காரர் வாசலில் வந்து நிற்கும் நாளில்தான் நஷ்டத்தை அறிகிறார். கணக்குள்ளவர் மூன்றாவது மாதத்திலேயே அறிகிறார். விலையை மாற்றலாம், வேறு சந்தையை நாடலாம். அதுவும் பலிக்காவிடில் நிலம் கைவிட்டுப் போகுமுன் தொழிலை நிறுத்தலாம். காலத்தில் நிறுத்திய தொழில் ஒரு பாடத்தோடு போகும். காலம் கடந்து நின்ற தொழில் குடும்பத்தையும் உடன் இழுத்துச் செல்லும்.

எனவே, அடகுக் கடைக்குப் போகுமுன் செய்யத்தக்கது ஒன்று உண்டு. ஒரு தராசும் ஒரு குறிப்பேடும் வாங்கி, கையிலுள்ள சிறு தொகையைக் கொண்டு மூன்று மாதம் தொழிலை நடத்திப் பார்க்க வேண்டும். அந்த மூன்று மாதத்து ஏடு, நகையை அடகு வைக்கலாமா வேண்டாமா என்பதை ஐயமறச் சொல்லிவிடும்.