எவ்வளவு தூரம் இழுக்கும்?

தனக்குப் பிடித்த ஒன்றைத் தன் சந்தோஷத்துக்காகவே படம் பிடிக்கிற மனிதனைச் சற்றே சந்தேகத்தோடு பார்க்கும் வழக்கம் நம்மவரிடம் இன்னும் போகவில்லை. கல்யாண வீட்டில் படம் எடுப்பவருக்கு ஒரு காரியம் இருக்கிறது. பத்திரிகைக்காரருக்கும் ஒரு காரியம் இருக்கிறது. கூலி கொடுப்பாரும் இல்லாமல், எடு என்று சொல்வாரும் இல்லாமல், விடியற்காலையில் வேடந்தாங்கல் ஏரிக்கரையில் முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸைத் தூக்கிக்கொண்டு, ஒரு நாரை தலையைத் திருப்பட்டும் என்று காத்து நிற்கிறவனுக்கு என்ன காரியம் இருக்க முடியும்? ஆகவே பக்கத்தில் வந்து நிற்பவர் முதலில், "எந்த டி.வி. சார்?" என்று விசாரிக்கிறார். டி.வி. இல்லை என்று தெரிந்ததும், "இது எவ்வளவு தூரம் இழுக்கும்?" என்கிறார். அடுத்தது விலை. விலையையும் தெரிந்துகொண்ட பிறகு, உண்மையான அனுதாபத்தோடு, "இதிலே என்ன சார் வருமானம்?" என்று முடிக்கிறார்.

வருமானம் ஒன்றும் இல்லை என்பதுதான் இந்தப் பொழுதுபோக்கின் பெரிய சௌகரியம். தொழிலாகப் படம் எடுப்பவருக்கு எஜமானர்கள் உண்டு. குழுப் படத்தில் மணப்பெண்ணின் அத்தை கண்ணை மூடிக்கொண்டால் அதுவும் அவர் தலையில்தான் விடியும். மழையானாலும் வெயிலானாலும் அன்றைய வேலையை அன்றைக்கே முடித்தாக வேண்டும். பிரியத்துக்காக எடுக்கிறவனோ, வெளிச்சம் சரியில்லை என்று தோன்றினால் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். ஒருவர் ஆயுள் முழுவதும் கோயில் தூண்களையே எடுக்கலாம். இன்னொருவர் கொல்லைப்புறத்துச் செம்பருத்திக்கு வரும் தேன்சிட்டைத் தவிர வேறெதையும் எடுப்பதில்லை என்று விரதம் பூணலாம். ஏன் என்று கேட்க எவருக்கும் அதிகாரமில்லை. இத்தகைய சுதந்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பிறர் எதைப் பாராட்டுவார்கள் என்று ஊகித்து ஊகித்து, அஸ்தமன சூரியன், அதன் முன்னே ஓர் ஒற்றைத் தென்னை என்று, ஊரார் எல்லோரும் எடுத்ததையே தானும் எடுத்துக்கொண்டிருப்பவனைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கிறது. எஜமானன் இல்லாதவன் தானாகத் தேடிப்போய்ச் சம்பளமில்லாத உத்தியோகத்தில் அமர்கிறான்.

வேடந்தாங்கலைச் சொன்னேன். செங்கல்பட்டு மாவட்டத்தில் சுமார் 30 ஹெக்டேர் பரப்புள்ள அந்தச் சிறு ஏரியில், பறவைகளை யாரும் சுடாமல் காத்துக்கொள்ள ஊரார் வேண்டிக்கொண்டதன் பேரில், 1798இல் அப்போதைய கலெக்டர் லயனல் பிளேஸ் அந்த ஊராருக்கு உரிமை எழுதிக் கொடுத்தார் என்பது பலர் அறிந்த செய்தி. பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாகிறது என்பதைக் குடியானவர்கள் எந்தப் புஸ்தகமும் படிக்காமலே அறிந்திருந்தார்கள். தண்ணீருக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், பாம்புத்தாரா என்று கூட்டம் கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. இவற்றுள் எல்லோரும் அலட்சியமாகத் தாண்டிப் போகிற நத்தைகுத்தி நாரையைத்தான் நான் விசேஷமாகச் சொல்வேன். கரையிலிருந்து வெறுங்கண்ணுக்கு அது ஓர் அழுக்கு வெள்ளைப் பறவை, அவ்வளவுதான். லென்ஸ் வழியாகப் பார்த்தாலோ, அலகு நுனியில் மூடியிருக்க, நடுவில் மட்டும் மேலலகும் கீழலகும் ஒன்றையொன்று தொடாமல் ஒரு கீற்று இடைவெளி விட்டிருப்பதும், அந்தக் கீற்றின் வழியே பின்னாலுள்ள இலையின் பச்சை துளிபோலத் தெரிவதும் புலப்படும். குஞ்சுக்கு இந்த இடைவெளி கிடையாது. வளர வளரத்தான் உண்டாகிறது. இதைப் படத்தில் கொண்டுவர வேண்டுமானால், பறவை பக்கவாட்டில் திரும்ப வேண்டும்; அலகுக்குப் பின்னே வெளிச்சமான ஓர் இடம் அமைய வேண்டும்; வெயில் பட்ட வெள்ளை இறகு விவரமெல்லாம் அழிந்து வெளுத்துப் போகாதபடி ஒளியின் அளவைக் குறைத்துக்கொள்ளவும் வேண்டும். இவ்வளவும் ஒரு க்ஷணத்தில் கூடி வருவதற்காகக் காத்திருக்கிற வேளையில்தான், தோளுக்குப் பின்னாலிருந்து அந்தக் கேள்வி வருகிறது: எவ்வளவு தூரம் இழுக்கும்?

இதற்கு, "கருவியில் என்ன இருக்கிறது, எல்லாம் கண்ணில்தான் இருக்கிறது" என்று வேதாந்தமாகப் பதில் சொல்லும் அன்பர்கள் உண்டு. அப்படிச் சொல்கிறவர்களின் தோளில் பெரும்பாலும் விலையுயர்ந்த கருவியே தொங்குவதை நான் கவனித்திருக்கிறேன். ஏரி நடுவிலுள்ள மரத்தில் உட்கார்ந்திருக்கும் நாரையின் அலகிடுக்கு வேண்டுமென்றால் 400 மில்லிமீட்டர் லென்ஸாவது இருந்தே தீர வேண்டும். செல்போனால் அது ஆகாது. பறக்கும் பறவையை ஆடாமல் நிறுத்த, விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் திறந்து மூடும் ஷட்டரும் வேண்டும். இதை மறைப்பது பணிவாகாது; கேட்பவரை ஏமாற்றுவதேயாகும். ஆனால் அதே லென்ஸைத் தூக்கிக்கொண்டு கோயில் மண்டபத்துக்குள் நுழைந்தால் எதிரிலுள்ள தூணில் பாதிகூட அதற்குள் அடங்காது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் பதில் பூர்த்தியாகும். எது பிடிக்கும் என்பது முதலில் தீர்மானமாக வேண்டும். கருவி அதற்குப் பின்னால் வருவது.

நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வரும், நம் காடுகளை அறிந்தவர்களில் தலைசிறந்தவருமான மா. கிருஷ்ணன், வெவ்வேறு கேமராக்களின் பாகங்களை ஒன்றுசேர்த்துத் தாமே ஒரு கனத்த கருவியை அமைத்துக்கொண்டு, அதற்கு 'சூப்பர் பாண்டெரோஸா' என்று வேடிக்கையாகப் பெயரும் சூட்டி, வண்ணத்தை நாடாமல் கறுப்பு வெள்ளையிலேயே யானைகளைப் படம் பிடித்தார். 1950 முதல் 1996இல் அவர் மறையும்வரை கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இயற்கையைப் பற்றி எழுதியவர் அவர். அவரிடம் போய் யாராவது இது எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துப் பார்ப்பதில் எனக்கு ஒரு சுவாரசியம். ரமண மகரிஷி சமாதியடைந்த 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் இருந்த பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்ரி கார்ட்டியே பிரெஸ்ஸோனின் மார்க்கம் வேறு. தம் சின்னஞ்சிறு லைக்கா கேமராவின் பளபளக்கும் பாகங்களைக் கறுப்பு நாடாவால் ஒட்டி மறைத்து, தாம் படமெடுப்பதே எவருக்கும் தெரியாதபடி அவர் பார்த்துக்கொண்டார். பறவைக்காரனுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. வெயிலில் சூடேறக் கூடாதென்று பெரிய லென்ஸ்கள் சிலவற்றுக்கு வெள்ளைப் பூச்சே கொடுத்துவிடுகிறார்கள். கரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தெரியும்.

ஆகவே கேள்விக்குத் தப்ப வழியில்லை. நல்லபடியாகப் பதில் சொல்வதே விவேகம். விலையைக் கேட்பது நம் தேசத்தில் அநாகரிகமும் அல்ல. ரயிலில் எதிரே உட்கார்ந்தவர் நம் சம்பளத்தைக் கேட்கவில்லையா? "பழையதாக வாங்கினேன், ஒரு ஸ்கூட்டர் விலை ஆயிற்று" என்று மறைக்காமல் சொல்லிவிட்டால் பேச்சு அத்தோடு முடிந்து, அவரும் பறவையைப் பார்க்கத் தொடங்குவார். "செட்டிங் மட்டும் சொல்லுங்கள் சார்" என்று வருகிற இளைஞருக்கு எண்களை மட்டும் சொல்லி அனுப்பினால் அவருக்குப் பிரயோஜனமில்லை. காலை எட்டு மணி வெயிலுக்கு வைத்த அளவு மேகம் மூடிய சாயங்காலத்துக்கு ஒத்துவராது. என்ன காரணத்துக்காக அப்படி வைத்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். தம் கேமராவின் பெருமையைச் சொல்வதற்காகவே நம் கேமராவைப் பற்றிக் கேட்கிறவருக்குப் பதிலே வேண்டியதில்லை, தலையசைத்தால் போதும். பையன்கள் கேட்டால் மட்டும் நான் வார்த்தையால் பதில் சொல்வதில்லை. பட்டையை முதலில் அவன் கழுத்தில் மாட்டிவிட்டு, லென்ஸின் அடியில் என் கையையும் கொடுத்து, நாரையின் அலகைக் காட்டிவிடுவேன். "ஐயோ சார், வாய் மூடவே இல்லை!" என்று அவன் கத்துவான்; கத்தினதில் நாரை போய்விடும்; போகட்டும். எவ்வளவு தூரம் இழுக்கும் என்ற கேள்விக்கு அதைவிடச் சரியான விடை எனக்குத் தெரியாது.

பிறர் கேட்கும் கேள்வியால் இந்தக் கலைக்கு ஒரு கெடுதலும் நேர்வதில்லை. அதே கேள்வியைப் படம் எடுக்கிறவனே ஓயாமல் கேட்க ஆரம்பித்து, அடுத்த மாடல், அதற்கடுத்த லென்ஸ் என்று விலைப்பட்டியலைப் பாராயணம் பண்ணத் தொடங்கும்போதுதான், ஏரிக்கரைக்குப் போகும் காலைகள் குறைந்துபோகின்றன. அத்தகையவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

மழை சரியாகப் பெய்த வருஷங்களில் நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை வேடந்தாங்கலில் பறவைகளைப் பார்க்கலாம். வருகிறவர்கள் கண்ணைப் பறிக்கும் சிவப்பு, மஞ்சள் உடுப்புகளைத் தவிர்த்து, ஃப்ளாஷை அணைத்துவிட்டு வாருங்கள். கையில் எந்தக் கேமரா இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. என் லென்ஸைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். கரையில் நிற்கும்போது மட்டும் மெல்லிய குரலில் கேளுங்கள்.